கஞ்சா வரியும் இளையோர் காப்பும்

தீங்கு தருவதென அறிந்த ஒரு பொருளை முற்றாகத் தடுத்தல் இயலாதெனக் கண்ட அரசு, அதன் விற்பனைக்கு உரிமம் அளித்து வரி விதித்தல் உலக வரலாற்றிற் பழைய வழக்கமாகும். மதுவும் புகையிலையும் இவ்வாறே அரசிறைக்கு ஊற்றுக்களாயின. ஆயின், அவ்வரிப் பணத்தில் ஒரு கூற்றை, அப்பொருளால் விளையுங் கேட்டினின்றும் இளையோரைக் காத்தற்கெனச் சட்டத்தாலே ஒதுக்கிவைத்தல் அத்துணைப் பழையதன்று. ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்ணியா மாநிலம் கஞ்சா வாணிகத்தில் வரும் வரியைக் கொண்டு இதனைச் செய்ய முற்பட்டது. அப்பணத்தின் ஒரு பகுதி மாநகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் மானியமாகச் செல்கின்றது. விற்பனையால் வரும் பணம் அவ்விற்பனையின் தீங்கைத் தடுக்கவல்லதா? வல்லதாயின், எவ்வாறு செலவிடப்படும்போது அது பயன் தரும்? இவ்வினாக்கள் பிள்ளைகளை வளர்க்கும் எந்நாட்டவர்க்கும் பொதுவானவை.

சட்டத்தின் தோற்றம்

கஞ்சா கீழைத்தேய மருத்துவர் நெடுங்காலமாக அறிந்த பூண்டு. எனினும் 1970ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அமெரிக்க ஒன்றியச் சட்டம், அதனை ஹெரோயினோடு ஒருங்குவைத்து, மிகக் கடுமையாகத் தடுக்கப்பட்ட பொருள்களின் முதலாம் அட்டவணையிற் சேர்த்தது. கலிபோர்ணிய மக்கள் 1996இல், நோயாளர் மருத்துவர் சொற்படி அதனைப் பயன்படுத்தலாம் என வாக்களித்தனர். 2012இல் கொலராடோ, வாஷிங்டன் என்னும் இரு மாநிலங்கள் வயதுவந்தோர் யாவர்க்கும் அதனை அனுமதித்தன. அவற்றைப் பின்பற்றிக் கலிபோர்ணியாவும் 2016 நவம்பர் 8ஆம் நாள் 64ஆம் பிரேரணையை மக்கள் முன் வைத்தது. வாக்களித்தோரில் நூற்றுக்கு 57 பேர் அதனை ஏற்றனர்.

இச்சட்டப்படி, 21 வயது நிரம்பியவர் 28.5 கிராம் வரையிற் கஞ்சா வைத்திருக்கலாம். வீட்டில் ஆறு செடிகள் வளர்க்கலாம். உரிமம் பெற்ற கடைகள் 2018 ஜனவரி முதலாம் நாள் விற்பனையைத் தொடங்கின. பாடசாலைகளுக்கும் சிறுவர் நிலையங்களுக்கும் 600 அடிக்குள் கடை அமைத்தல் பொதுவிதியால் தடுக்கப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் கஞ்சாவுடன் பிடிபடின், அவருக்குச் சிறை விதிக்கப்படுவதில்லை. முதன்முறையாயின் நான்கு மணிநேரப் போதைப்பொருட் கல்வியும், பத்து மணிநேரம் வரையிற் சமூகப் பணியும் விதிக்கப்படும். ஆகவே, சட்டம் பிள்ளையைத் தண்டிக்கும் பொறுப்பைக் குறைத்து, அவனுக்கு அறிவூட்டும் பொறுப்பைக் கூட்டியது எனலாம். அக்கல்வியை அளிப்பவர் யார்? அதற்காகும் செலவை ஏற்பவர் யார்? மானியத்தின் தேவை இங்கேதான் பிறக்கின்றது.

சட்டம் மற்றுமொரு உரிமையையும் வழங்கியது. தத்தம் எல்லைக்குட் கடைகளை அனுமதிப்பதா, தடுப்பதா என்பதை ஒவ்வொரு நகரமும் மாவட்டமுமே முடிவு செய்யலாம். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை சில்லறைக் கடைகளைத் தடுத்தன. இத்தடையே பின்னர் மானியப் பங்கீட்டிற் பெரியதொரு சிக்கலுக்குக் காரணமாயிற்று.

இளையோர்க்கு நேரும் கேடு

வரிப்பணம் எத்தீங்கைத் தடுத்தற்கெனத் திரட்டப்படுகின்றதோ அத்தீங்கின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். இன்றைய கஞ்சா முன்னைய தலைமுறை அறிந்த கஞ்சா அன்று. அதன் மயக்கத்துக்குக் காரணமான டி.எச்.சி. என்னும் இரசாயனம், அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றிய மாதிரிகளில் 1995இல் ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்காக இருந்தது. 2021இல் அது 15 பங்காக உயர்ந்தது. அதன் வடிவமும் மாறிவிட்டது. புகைப்பதோடு அமையாது, இனிப்புப் பண்டங்களிற் கலந்து உண்ணவும், மின்புகைக் குழலில் எண்ணெயாக இட்டு இழுக்கவும் பழகினர். 2019ஆம் ஆண்டில் இத்தகைய குழல்களாற் பரவிய நுரையீரல் நோயால், 2020 பெப்ரவரி வரையில் அமெரிக்கா எங்கணும் 2,807 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். இறந்தவர் 68 பேர். கள்ளச் சந்தைக் கஞ்சா எண்ணெயிற் கலந்த ஈ விற்றமின் அசிற்றேற்று இதற்குப் பெருங்காரணமெனக் காணப்பட்டது.

இனிப்பு வடிவத்தின் கேடு மழலைகளையும் விட்டுவைக்கவில்லை. கஞ்சா கலந்த தின்பண்டத்தை அறியாது உண்ட ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பற்றி அமெரிக்க நச்சுத் தகவல் நிலையங்களுக்கு 2017இல் வந்த செய்திகள் 207. 2021இல் அவை 3,054 ஆயின. அக்குழந்தைகளிற் பெரும்பாலோர் தம் இல்லத்திலேயே அதனைக் கண்டெடுத்து உண்டனர். பெற்றோர் பெட்டியைப் பூட்டி வைத்திருப்பின் நேராத விபத்து இது.

வளரிளம் பருவத்தினரின் மூளை இருபத்தைந்து வயதளவும் முதிர்ச்சி பெற்றுக்கொண்டே இருப்பது. அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2017இல் வெளியிட்ட அறிக்கை, கஞ்சாப் பழக்கத்துக்கும் கடும் மனநோய்க்கும் இடையே தொடர்பு உண்டென்பதற்குப் போதிய சான்று இருப்பதாகக் கூறிற்று. பழக்கம் மிகுதோறும் அவ்வபாயமும் மிகும் என்றும் எடுத்துக்காட்டிற்று.

இவற்றைக் கொண்டு, சட்டம் மாறியதும் மாணவர் யாவரும் கெட்டனர் எனக் கருதுவது பிழையாகும். மிச்சிக்கன் பல்கலைக்கழகம் 1975 முதல் ஆண்டுதோறும் நடாத்திவரும் கணிப்பின்படி, முந்திய ஓராண்டிற் கஞ்சா பயன்படுத்திய பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் 2019இல் நூற்றுக்கு 36 பேர் அளவினர். 2024இல் அவர்கள் 26 பேர் அளவினராயினர். ஆகவே பழகுவோர் தொகை குறைந்தபோதும், பழகுவோர்க்கு நேரும் கேட்டின் கடுமை கூடியுள்ளது என்பதே உண்மைநிலை. ஊர்தோறும் அச்சமூட்டும் பிரசாரம் செய்வதிலும், அபாயத்தை நெருங்கி நிற்கும் பிள்ளையை இனங்கண்டு உதவுவதே இந்நிலைக்கு ஏற்ற வழி என்பது இதனாற் பெறப்படும்.

வரி பாயும் வாய்க்கால்கள்

பாவப் பொருளின் வரியைத் தடுப்புப் பணிக்கு ஒதுக்கும் முறையைக் கலிபோர்ணியா முன்னரே அறிந்திருந்தது. 1988இல் மக்கள் ஏற்ற 99ஆம் பிரேரணை சிகரெட் பெட்டி ஒன்றுக்கு 25 சதம் வரி கூட்டி, அதில் நூற்றுக்கு 20 பங்கைச் சுகாதாரக் கல்விக்கு ஒதுக்கியது. கஞ்சாச் சட்டமும் அத்தடத்திலேயே சென்றது. சில்லறை விற்பனையில் நூற்றுக்கு 15 பங்கு கலால் வரி விதிக்கப்பட்டது. பயிரிடுவோர்மீதும் எடைக்கேற்ற வரி விதிக்கப்பட்டது.

திரண்ட பணம் ஓர் ஒழுங்கின்படி பங்கிடப்படும். முதலில் நிருவாகச் செலவு கழிக்கப்படும். அடுத்து, சட்டத்தின் விளைவுகளை ஆராயும் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுக்கு 10 மில்லியன் டொலர் போன்ற குறித்த தொகைகள் செல்லும். எஞ்சியது மூன்றாகப் பிரியும். நூற்றுக்கு 60 பங்கு இளையோர் கல்வி, தடுப்பு, சிகிச்சை ஆகியவற்றுக்கு உரியது. 20 பங்கு, காடுகளிற் களவாகப் பயிரிட்டோர் கெடுத்த நீரையும் நிலத்தையும் சீர்செய்தற்கு உரியது. ஏனைய 20 பங்கு மாநில, உள்ளூராட்சிச் சட்டக் காவலுக்கு உரியது. இம்மூன்றாம் கூற்றில் ஒரு பகுதி நெடுஞ்சாலைப் பொலிசாருக்கும், மறுபகுதி மாநில, சமூகச் சீர்திருத்தச் சபை வழியாக உள்ளூராட்சி மன்றங்களுக்கும் போகும். அச்சபை தன் இயல்பிற் சிறைகளையும் நன்னடத்தைக் காவலையும் மேற்பார்க்கும் சபையாகும். 2020ஆம் ஆண்டில் அது முதற்றொகுதி மானியங்களை வழங்கியது.

மானியம் நடைபெறும் முறை

மன்றங்கள் போட்டி முறையில் விண்ணப்பித்தல் வேண்டும். விண்ணப்பத்திற் காட்டத்தக்க துறைகள் நான்கு: இளையோர் வளர்ச்சியும் தடுப்பும், பொதுச் சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு, சுற்றாடல். இவற்றுள் முதலாவது கட்டாயமானது. ஏனையவை மன்றத்தின் விருப்பத்துக்கு உரியவை. காவல் வாகனம் மாத்திரம் வேண்டுமெனக் கேட்கும் மன்றம், அதனோடு பிள்ளைகளுக்கு யாது செய்யும் என்பதையும் சொல்லியே ஆகல் வேண்டும். சிறைகளை மேற்பார்க்கும் ஒரு சபை இந்நிபந்தனையை விதித்தது பாராட்டத்தக்கது.

பாதுகாப்புத் துறையில் உண்மையான தேவைகள் உள. ஒன்றியச் சட்டத்துக்கு அஞ்சிப் பல வங்கிகள் கஞ்சாக் கடைகளின் கணக்கை ஏற்காமையால், அக்கடைகளில் ரொக்கப் பணம் குவிந்து கொள்ளையரை ஈர்த்தது. பியூட்டேன் வாயுவைக் கொண்டு வீட்டுக்குள் கஞ்சாச் சாறு வடிப்போரால் வெடியும் தீயும் நேர்ந்தன. மது அருந்தி வாகனம் ஓட்டுபவரை மூச்சுக் கருவியால் அறிதல் எளிது. கஞ்சாவுக்கோ அத்தகைய நம்பத்தக்க அளவுகோல் இல்லை. குருதியிற் காணப்படும் டி.எச்.சி. அளவு மயக்கத்தின் அளவோடு ஒத்துச் செல்வதில்லை. ஆதலின் கண், நாடி, நடை ஆகியவற்றைச் சோதித்து அறியும் தனிப்பயிற்சி பொலிசாருக்கு வேண்டியதாயிற்று. லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொலிசார் 1970களிலே தொடங்கிய இப்பயிற்சி முறைக்கு மானியம் புதுவலிமை தந்தது.

இளையோர் துறையில், பாடசாலையில் ஆலோசகரை நியமித்தல், பிடிபட்ட மாணவனைப் பாடசாலையினின்றும் விலக்காது கற்பித்துத் திருத்தல், மாலை வேளையில் விளையாட்டும் தொழிற்பயிற்சியும் அளித்தல், வீட்டிற் கஞ்சாவைப் பூட்டிவைக்குமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தல், இளம்வயதினருக்கு விற்கும் கடைகளைச் சோதித்துப் பிடித்தல் முதலியன அடங்கும். இவற்றைத் தாமே செய்யும் ஆற்றல் இல்லாத மன்றங்கள், ஊரிலுள்ள தொண்டு நிறுவனங்களைத் துணைக்கொள்ளலாம்.

மானியப் பணம் முன்கூட்டித் தரப்படுவதன்று. மன்றம் முதலிற் செலவிட்டுக் கணக்குக் காட்டியபின்னரே மீளப்பெறும். முன்பே தன் வரவுசெலவில் இருந்த ஒரு பணிக்குரிய பணத்தை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் மானியத்தை நிரப்புதல் ஆகாது. செய்த பணியின் பயனை அளந்து அறிக்கை தருதலும் கடமையாகும். இவ்விதிகள் பணம் வீணாகாமற் காப்பன. எனினும் கையிருப்பில்லாத சிற்றூர் மன்றம் முதலிற் செலவிட யாண்டுச் செல்லும் என்னும் வினாவும் உடன் எழுகின்றது. பெருநகரம் தாங்கும் விதியைச் சிற்றூர் தாங்குதல் அரிது.

தடைசெய்த ஊர்களின் வழக்கு

மானியச் சட்டத்தில் மிகவும் வாதத்துக்கு இடமான விதி ஒன்றுண்டு. கஞ்சாச் சாகுபடியையோ சில்லறை விற்பனையையோ தடைசெய்த உள்ளூராட்சிகளுக்கு அச்சபை மானியம் வழங்கலாகாது என, மக்கள் ஏற்ற சட்ட வாசகமே விதித்தது.

இவ்விதிக்கு ஆதரவாகக் கூறப்படும் நியாயம் வலிமையுடையதே. கடையை ஏற்ற ஊரே அதன் சுமையையும் ஏற்கின்றது. சுமையை ஏற்காத ஊர் வரியிற் பங்கு கேட்டல் முறையன்று. மேலும், உரிமம் பெற்ற கடை இல்லாத ஊரிற் கள்ளச் சந்தையே தழைக்கும். ஆகவே அனுமதிக்கும் ஊர்களுக்கு ஊக்கம் அளித்தல் தகும் என்பர்.

மறுதரப்பு நியாயமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஊரெல்லையிற் கடை இல்லாமையால் ஊர்ப் பிள்ளைக்கு ஆபத்து இல்லையென ஆகாது. அடுத்த நகரத்துக் கடையிலிருந்து மூத்தோர் வாங்கிவரும் இனிப்பு இவ்வூர் வீட்டுக் குளிர்பெட்டியிலும் இருக்கும். மாநிலத்தின் வடகோடியிலுள்ள சிஸ்கியூ மாவட்டம் வாணிகச் சாகுபடியைத் தடைசெய்தது. ஆயினும் களவாகப் பயிரிடும் பெருந்தோட்டங்கள் அங்கே மல்கின. தடை இருந்தமையால் அதன் காவற் செலவு குறையவில்லை.

ஆழ்ந்து நோக்குமிடத்து, இருவேறு நோக்கங்களை ஒரே விதியாற் கட்டியமையே குறைபாட்டின் வேர் எனத் தோன்றும். காவற் செலவின் ஒரு பகுதி கடையைப் பின்தொடர்வது; கடையுள்ள இடத்துக்கு அதனை அளித்தல் பொருந்தும். தடுப்புப் பணியோ பிள்ளையைப் பின்தொடர்வது. பிள்ளை எவ்வூரில் உளனோ அவ்வூரில் அது நடைபெறல் வேண்டும். மன்றத்தின் முடிவுக்குப் பிள்ளை பொறுப்பாளியல்லன். நூற்றுக்கு 60 பங்கு பெறும் இளையோர் கணக்குக்கு இத்தடைவிதி இல்லாமை ஓரளவு ஆறுதலே. எனினும் 2019-20ஆம் ஆண்டு வரவுசெலவில் அக்கணக்கின் பெரும்பகுதி குழந்தைப் பராமரிப்பு உதவிக்குச் சென்றது. அஃது நற்பணியே, ஆயினும் பதினைந்து வயது மாணவனை அது எட்டுவதன்று.

பணம் மட்டும் போதுமா?

பணம் கிடைத்தும் பயன் விளையாத வரலாறு அமெரிக்காவிலேயே உண்டு. 1983இல் லொஸ் ஏஞ்சலிசிற் பொலிசாரும் பாடசாலைகளும் கூடித் தொடங்கிய ‘டேர்’ என்னும் திட்டத்தில், சீருடை அணிந்த அதிகாரி வகுப்பறைக்கு வந்து போதைப்பொருளின் தீமையை விளக்குவார். அது நாடெங்கும் பரவிப் பெற்றோரால் விரும்பப்பட்டது. ஆயினும் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள், அப்பழைய பாடத்திட்டத்தைக் கற்ற மாணவர்க்கும் கல்லாதவர்க்கும் பழக்கத்திற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனக் கண்டன. 1998 முதல் ஒன்றிய அரசு நூறு கோடி டொலருக்கு மேற் செலவிட்டு நடாத்திய விளம்பர இயக்கமும் இளையோரின் பழக்கத்தைக் குறைக்கவில்லை என 2006இல் அரசின் கணக்காய்வு அலுவலகம் அறிவித்தது.

இதற்கு மாறாக, சிறிய ஐஸ்லாந்து நாடு காட்டிய வழி படிப்பினைக்குரியது. அங்கே 1998இல் 15, 16 வயதினரில் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு மாதத்தில் மதுவெறி கொண்டிருந்தனர்; 2016இல் அத்தொகை 5 ஆயிற்று. கஞ்சாவை ஒருமுறையேனும் தொட்டவர் 17இலிருந்து 7 ஆகக் குறைந்தனர். அந்நாட்டார் செய்தது யாது? ஆண்டுதோறும் மாணவரிடம் வினாவி, விடைகளை அந்தந்த ஊருக்கும் பாடசாலைக்கும் உடனே அறிவித்தனர். பெற்றோர் சங்கங்களை வலுப்படுத்தினர். இரவில் இளையோர் வெளியே அலைதலைக் கட்டுப்படுத்தினர். தலைநகராகிய ரெய்க்யவிக்கின் மாநகர சபை, விளையாட்டுக்கும் இசைக்கும் ஆகும் கட்டணத்துக்கென ஒவ்வொரு பிள்ளைக்கும் உதவித்தொகை அளித்தது. போதைப்பொருள் பற்றிய சொற்பொழிவிலும், பிள்ளையின் மாலைப்பொழுதை நிரப்பிய பணியே மிகுந்த பயனைத் தந்தது.

கலிபோர்ணிய மன்றங்கள் இப்படிப்பினையை ஏற்பதும் விடுப்பதும் அவற்றின் கையில் உள்ளன. வாகனமும் கருவியும் வாங்குதல் எளிது. வாங்கியதைக் காட்டுதலும் எளிது. ஓர் ஆலோசகர் ஈராண்டு முயன்று பத்துப் பிள்ளைகளைப் பாடசாலையில் நிலைநிறுத்தியதை அவ்வாறு காட்சிக்கு வைத்தல் இயலாது. எளிதிற் காட்டத்தக்கதையே நாடும் மனப்போக்கு மானியத்தின் பெரும்பகை எனலாம்.

வருவாயின் நிலையாமை

மற்றொரு பகை வருவாயின் நிலையாமை. கள்ளச் சந்தை அழியாது நின்றது; மிகையாகப் பயிரிட்டமையாற் கஞ்சாவின் மொத்த விலை வீழ்ந்தது. பயிரிடுவோர் தாங்கமாட்டாமையின், அவர்மீதிருந்த வரி 2022 ஜூலை முதலாம் நாள் நீக்கப்பட்டது. தடுப்புப் பணிகள் குன்றாவண்ணம் பொது நிதியிலிருந்து ஈடுசெய்ய ஏற்பாடு செய்யப்பட்டது. 2025 ஜூலையிற் கலால் வரி 19 வீதமாக உயர்ந்தது. வணிகர் முறையிட, அவ்வாண்டு ஒக்டோபரில் அது மீண்டும் 15 வீதமாகக் குறைக்கப்பட்டது. அக்குறைப்பைச் சிறுவர் பராமரிப்பு, இளையோர் நலன், சுற்றாடல் ஆகியவற்றுக்கு உழைக்கும் அமைப்புக்கள் எதிர்த்தன. பிள்ளைகளின் காவலர் கஞ்சா வரி குறையலாகாது என வாதாட வேண்டிய நிலையை இச்சட்டம் உண்டாக்கிவிட்டது.

இது நகைப்புக்கு உரியதன்று. வரியுயர்ந்தாற் கள்ளச் சந்தை வளரும். வரி தாழ்ந்தால் தடுப்புப் பணி தளரும். இவ்விரண்டிற்கும் இடையே, ஒரு பிள்ளையின் பத்தாண்டு வளர்ச்சியோ இடையறாத துணையை வேண்டி நிற்கின்றது. சில ஆண்டுகளுக்கே உரிய மானியம் முடிவெய்தியதும் ஆலோசகர் போய்விடின், அவரை நம்பிய மாணவன் முன்னையிலும் தனியனாவான்.

முடிபு

எனவே, விற்பனையால் வரும் பணம் தீங்கைத் தடுக்கவல்லதா என்னும் வினாவுக்கு, வல்லது, ஆயின் தானாக அன்று என்பதே விடையாகும். வரிப்பணம் கடை உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் நோக்காது பிள்ளையை நோக்கிச் செல்லல் வேண்டும். பயனை அளந்தறிந்து, பயன்படாததைக் கைவிடும் துணிவு மன்றத்துக்கு வேண்டும். மானியத்தை நிலையான வருவாயெனக் கருதாது வித்தெனக் கருதி, அது தீருமுன்னரே பயிற்சி பெற்ற ஆசிரியரையும், ஒன்றுகூடிய பெற்றோரையும், மாலையிற் கதவு திறந்திருக்கும் விளையாட்டரங்கையும் ஊருக்கு உடைமையாக்கிவிடல் வேண்டும். இவை அமைந்த ஊரில், வரி ஏறினும் இறங்கினும் பிள்ளைகளுக்குக் காப்பு இருக்கும். இவை அமையாத ஊரில் மானியத்தால் எஞ்சுவது கணக்கு முடிந்த அறிக்கையும் பழைய வாகனமுமே.